பேராதனைப் பூங்காவைப் பார்க்கத் திட்டமிடுவது எப்படி?

மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, ஏறத்தாழ 147 ஏக்கரில் பரந்திருக்கும் பேராதனைத் தாவரவியல் பூங்காவை ஒரே நாளில் முழுவதும் பார்த்துவிட முனைவோர், எதையும் ஊன்றிப் பார்க்காமலே களைத்துத் திரும்புகிறார்கள். ஆகவே, புறப்படுமுன் நான்கைந்து மரங்களைத் தெரிவுசெய்து, அவற்றைச் சுற்றியே அன்றைய நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.

சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஒக்டோபர், நவம்பரில் குடையின்றிச் செல்ல இயலாது. பூங்கா கண்டியிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. கொழும்பு வீதிவழிப் பேருந்துகள் அதன் வாயிலைக் கடந்தே செல்கின்றன. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறுபடுவதால், இலங்கையர் அடையாள அட்டையை எடுத்துச் செல்வது நல்லது.

வெயில் ஏறுமுன், நிழல் குறைந்த அரசப்பனைச் சாலையை நடந்து முடித்துவிடுங்கள். அடுத்து, சீசெல்சுத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இரட்டைத் தென்னைகளிடம் நிதானமாக நில்லுங்கள். இதில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. தாவர உலகிலேயே மிகப் பெரிய விதையைத் தரும் இதன் காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்து அண்ணாந்து பார்க்கும்போது, அங்கே தொங்கும் ஒவ்வொரு காயும் வேறு விதமாகத் தெரியும். ஏடெழுத ஓலை தந்த தாளிப்பனையையும் தவறவிடாதீர்கள். அது வாழ்நாளில் ஒரே முறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும் மரம். எனவே, எங்கேனும் ஒன்று பூத்திருப்பதாகப் பணியாளர் சொன்னால், மற்றத் திட்டங்களை ஒதுக்கிவிட்டு அங்கே செல்வதே முறை என்பது என் உறுதியான கருத்து.

பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரத்தையும் அவ்வழியே பார்த்துக்கொள்ளலாம். உச்சி வெயிலுக்குப் பெரும் புல்வெளியில் கிளைபரப்பி நிற்கும் ஜாவா அத்தியின் நிழலே ஏற்றது. முதியோரும் குழந்தைகளும் உடன் வந்திருந்தால், அங்கே ஒரு மணி நேரமாவது அமர்வதற்கு இடம்விட்டுத் திட்டமிடுங்கள். ஆற்றங்கரை இராட்சத மூங்கில்களையும், மரக்கிளைகளில் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களையும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓர்க்கிட் இல்லம் கூரையுள்ளது என்பதால், இடையில் மழை பிடித்தால் அதற்குள் சென்றுவிடலாம்.