பவரைக் கூட்டும் முன்: மெல்லிய பலகையை லேசரில் சுத்தமாக வெட்ட

லேசர் கட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. ஓரமெல்லாம் கரியாக வருகிறதே, என்ன செய்ய? பலகை முழுசாக அறுபடவில்லை, பவரைக் கூட்டட்டுமா? இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: பவரை அப்படியே விடுங்கள், ஃபோகஸ் (கதிர் குவியும் தூரம்), பலகையின் சமதளம், காற்று இந்த மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். வெட்டிய இடத்தில் சூடும் புகையும் தேவைக்கு மேல் தங்கிவிடுவதால்தான் மரம் கருகுகிறது. கதிர் எவ்வளவு கூர்மையாக விழுந்து எவ்வளவு சீக்கிரம் நகர்ந்து போகிறதோ, ஓரம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். கீழே வருவதெல்லாம் 2 முதல் 4 மி.மீ. பலகைக்கு, பொழுதுபோக்காக வைத்திருக்கும் 5 முதல் 20 வாட் டயோடு லேசர் அல்லது 40 வாட் அளவிலான சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயுக் குழாய் உள்ள) இயந்திரத்தை மனதில் வைத்து எழுதியது.

வாட் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டயோடு இயந்திரங்களின் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், சில சமயம் அது இழுக்கும் மின்சாரத்தின் அளவாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது லென்ஸிலிருந்து ஒளியாக வெளியே வரும் வாட். 40 என்று போட்டுவிட்டு 5 வாட் ஒளி தருகிற இயந்திரங்கள் உண்டு. அடுத்தவர் சொன்ன செட்டிங் உங்களிடம் வேலை செய்யாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, முதலில் பலகை. ப்ளைவுட் எல்லாம் ஒன்று இல்லை. பாஸ்வுட் ப்ளை இலேசானது, சீரானது, லேசருக்கு நன்றாக வழிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 3 மி.மீ. பாஸ்வுட்டில் தொடங்கலாம். பிர்ச் ப்ளை இன்னும் உறுதியானது, பார்க்கவும் அழகு, ஆனால் அடர்த்தி அதிகம் என்பதால் வேகத்தைக் குறைக்க வேண்டி வரும். எம்.டி.எஃப்., அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, முழுக்க ஒரே மாதிரி அறுபடும், ஓரம் மட்டும் எப்போதும் கருப்பாகத்தான் வரும், புகையும் அதிகம். பால்சா சட்டென்று தீப்பிடிக்கும், பவரை நன்றாகக் குறைத்து வேகமாக ஓட்ட வேண்டும். பைன் மாதிரி தனிமரப் பலகையில் மென்மையான பட்டையும் கடினமான பட்டையும் மாறி மாறி வரும். ஒரு பட்டையில் சுலபமாக அறுத்துப் போகிற கதிர் அடுத்ததில் திணறும்.

ப்ளைவுட்டில் உண்மையான வில்லன் பசை. வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று விற்கிற, தண்ணீர் தாங்குகிற ஃபீனாலிக் பசை போட்ட ப்ளையை லேசர் லேசில் அறுக்காது. மரம் அறுபட்டுப் பசை அடுக்கு அப்படியே நிற்கும். உள்புறப் பயன்பாட்டுக்கான ப்ளை வாங்குங்கள், லேசர் தர ப்ளை என்றே கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது நான்கு ஓரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். நடு அடுக்கில் இடைவெளியோ, கணுவோ, கணு விழுந்த இடத்தில் வைத்து அடைத்த ஒட்டோ தெரிந்தால், அந்தப் பலகையில் பாதி இடத்தில் அறுபடும், பாதி இடத்தில் அறுபடாது. பலகை ஈரமாக இருந்தாலும் சிக்கல், கதிரின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். உலர்ந்த இடத்தில், படுக்கை வசத்தில், மேலே கனம் வைத்து அடுக்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வளைந்த பலகை ஃபோகஸைக் கெடுக்கும். கதிர் மிக மெல்லியதாக இருப்பது லென்ஸிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும்தான், அதற்கு மேலேயும் கீழேயும் விரிந்துகொண்டே போகும். பலகை நடுவில் 1 மி.மீ. மேலே எழும்பியிருந்தால் அங்கே கோடு தடிக்கும், தடித்தால் சூடு பரவும், சூடு பரவினால் கருகும். மேலே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகையை அழுத்திப் பிடிக்க வேண்டும். பலகைக்கு அடியில் இருக்கும் தேன்கூடு தட்டு இரும்பு என்றால் காந்தம் போதும். அலுமினியம் என்றால் காந்தம் பிடிக்காது, ஓட்டைக்குள் செருகும் பின்கள் வேண்டும். எதை வைத்தாலும் லேசர் தலை அதன் மேல் இடிக்காமல் போகுமா என்று, வேலையைத் தொடங்கும் முன், வெட்டாமல் தலையை மட்டும் வேலையின் வெளி எல்லையைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள்.

ஃபோகஸ் தூரம் எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், கூடவே ஒரு அளவுக்கட்டையும் தந்திருப்பார்கள். நான் அதை அப்படியே நம்ப மாட்டேன். ஒரு நீளமான துண்டை ஒரு முனை தாழ்ந்தும் மறுமுனை உயர்ந்தும் இருக்கும்படி சரிவாக வைத்து, குறைந்த பவரில் அதன் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையில் தடிமனாகப் பழுப்பாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, ஓரிடத்தில் முடி மாதிரி கூர்மையான கருங்கோடாகி, மறுபடி தடிக்கும். அந்த மெல்லிய இடத்துக்கு மேலே தலையைக் கொண்டுவந்து, தலைக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் உங்கள் இயந்திரத்தின் ஃபோகஸ். மேற்பரப்பில் படம் பொறிக்க அந்த தூரம் சரி. வெட்டுவதற்கு, 3 மி.மீ. பலகை என்றால், ஃபோகஸ் புள்ளி மேற்பரப்புக்கு 1 மி.மீ. கீழே விழும்படி தலையை இறக்குங்கள். அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் அறுபடும்.

அப்புறம் காற்று. ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், பெரிய லேசர் தலையை வாங்காதீர்கள், ஏர் அசிஸ்ட் வாங்குங்கள். முனையிலிருந்து வரும் காற்று மூன்று வேலை செய்கிறது: எரிந்த துகளைப் பள்ளத்திலிருந்து ஊதித் தள்ளுகிறது, தீ நாக்கு எழாமல் அணைக்கிறது, லென்ஸுக்கும் மரத்துக்கும் நடுவில் புகை நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. புகை நின்றால் கதிரின் ஒரு பகுதி அதிலேயே சிதறிப் போகும், மிச்சம்தான் மரத்துக்கு. வெட்டும்போது காற்று பலமாக இருக்கட்டும். பொறிக்கும்போது மெல்ல விட்டால் போதும். கம்ப்ரெஸரிலிருந்து எடுத்தால் எண்ணெயும் தண்ணீரும் வராதபடி ஒரு வடிகட்டி கட்டாயம், இல்லாவிட்டால் லென்ஸ் பாழாகிவிடும். புகையை வெளியேற்றும் குழாய் குட்டையாக, வளைவு குறைவாக, நேரே வெளியில் போகட்டும். ப்ளைவுட் பசை எரியும்போது ஃபார்மால்டிஹைடு போன்றவை வரும், அதை அறைக்குள் சுவாசிக்க வேண்டாம்.

இப்போதுதான் பவரும் வேகமும். வெட்ட நினைக்கும் அதே பலகையின் மூலையில் 10 மி.மீ. சதுரங்களாக ஒரு சோதனைக் கட்டம் போடுங்கள், ஒரு பக்கம் வேகம் மாற, மறுபக்கம் பவர் மாற. லைட்பர்ன் மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. 10 வாட் டயோடில் 3 மி.மீ. பாஸ்வுட் ப்ளைக்கு முழு பவரில் நிமிடத்துக்கு 250 முதல் 400 மி.மீ. வரை சோதித்துப் பார்ப்பது நல்ல தொடக்கம், காற்று இருக்கிறது என்ற கணக்கில். தானாகக் கீழே விழுந்த சதுரங்களில் மிக வேகமானது எது என்று பார்த்து, அதைவிடப் பத்து சதவீதம் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள், பலகையில் அங்கங்கே வரும் பசைத் திட்டுக்கு அந்த இடைவெளி உதவும். சிஓ2 குழாயில் மட்டும் முழு பவரில் ஓட்ட வேண்டாம், குழாயின் ஆயுள் குறையும்.

ஒரே தடவையில் அறுபடுகிறதென்றால் அதுவே நல்லது. அறுபடவில்லை என்றால் ஊர்ந்து போகிற அளவுக்கு மெதுவாக்காமல், வேகத்தை அப்படியே வைத்து இரண்டு பாஸ் கொடுங்கள், அதாவது அதே கோட்டில் இரண்டு தடவை ஓட்டுங்கள். நான்கு ஐந்து பாஸ் தேவைப்படுகிறதா? அப்படியென்றால் ஃபோகஸிலோ லென்ஸிலோ பலகையிலோ கோளாறு. லென்ஸ் அழுக்குதான் பெரும்பாலும் காரணம். புகை அதிகம் வந்த வேலைக்குப் பிறகு, இயந்திரத்தை அணைத்து, லென்ஸ் ஆறியதும், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் துடைத்துவிடுங்கள்.

ஓடும்போது பொறியைக் கவனியுங்கள், அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பலகைக்கு அடியில் பொறி நேராகக் கீழே இறங்குகிறதென்றால் அறுபட்டுவிட்டது. மேலேயே பக்கவாட்டில் சிதறி, புகையும் மேல்பக்கமே சுருண்டு எழுகிறதென்றால் கதிர் அடிவரை போகவில்லை, நிறுத்திவிட்டு ஏதோ ஒன்றைச் சரிசெய்யுங்கள். வெட்டிய ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மர அடுக்குகள் பழுப்பாகத் தனித்தனியாகத் தெரிந்து, நடுவில் பசைக் கோடு மட்டும் மெல்லியதாகக் கருத்திருந்தால் அருமையான வெட்டு. அடுக்கே தெரியாமல் ஒரே கருப்பாக, தொட்டால் விரலில் ஒட்டினால், மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள்.

மூலைகள் மட்டும் கருகினால் அது வேறு பிரச்சினை. மூலையில் தலை வேகம் குறைந்து திரும்புகிறது, பவர் குறையாவிட்டால் அங்கே சூடு குவிகிறது. ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடும் இயந்திரங்களில், லேசரை இயக்கும் எம்3 கட்டளைக்குப் பதில் எம்4 வைத்தால், வேகம் குறையும்போது பவரும் கூடவே குறையும். வரிசையும் முக்கியம்: உள்ளே இருக்கும் ஓட்டைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். வெளிக்கோடு முதலில் அறுபட்டால் துண்டு அசைந்துவிடும், பிறகு ஓட்டைகள் இடம் மாறும்.

மேல்பக்கப் புகைக் கறைக்குக் காகித மாஸ்கிங் டேப், இரண்டு பக்கமும், காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டியது. பிளாஸ்டிக் டேப் வேண்டவே வேண்டாம், அதிலும் பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். பொடிப்பொடி எழுத்துகள் உள்ள வேலைக்கு நான் டேப் போட மாட்டேன், உரிப்பதற்குள் பொறுமை போய்விடும், உப்புத்தாளே மேல். அடிப்பக்கம் தேன்கூடு அச்சு விழுந்தால் பலகையைத் தட்டிலிருந்து 5, 10 மி.மீ. தூக்கி வையுங்கள், தட்டில் பட்டுத் திரும்பும் கதிரும் தாரும் மரத்தில் படாது.

பொருத்தி ஒட்டும் வேலை என்றால் கெர்ஃப் அளக்காமல் தொடங்காதீர்கள், அதாவது கதிர் தின்றுவிடும் அகலம். 10 மி.மீ. சதுரங்கள் பத்தை ஒட்டி ஒட்டி வரைந்து, நடுக்கோடுகளைப் பொதுவாக வைத்து வெட்டி, நெருக்கி அடுக்கி அளந்தால் 100 வராது. 98.5 வந்தால் குறைந்த 1.5-ஐப் பத்தால் வகுக்க 0.15 மி.மீ., அதுதான் கெர்ஃப். அதில் பாதியை, 0.075-ஐ, வெளிக்கோட்டுக்கு வெளியேயும் ஓட்டைக்கு உள்ளேயும் நகர்த்துங்கள். டயோடுகளின் கதிர்ப் புள்ளி பெரும்பாலும் வட்டமாக இருக்காது, அதனால் நெடுக்கிலும் குறுக்கிலும் தனித்தனியாக அளப்பது நல்லது.

ஓடும் இயந்திரத்தை விட்டு நகராதீர்கள், ஒரு நிமிடம்கூட. கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். கண்ணுக்கு அணியும் பாதுகாப்புக் கண்ணாடி உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள்: நீல டயோடு சுமார் 450 நானோமீட்டர், சிஓ2 10,600. சிஓ2 கதிரைத் தடுக்கும் தெளிவான அக்ரிலிக் மூடி, நீல ஒளியை அப்படியே விட்டுவிடும்.

வெட்டி முடித்ததும் டேப்பை உரித்து, ஓரக்கரியைச் சற்று ஈரமான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மேல்பரப்பை 220 உப்புத்தாளால் மர நார் ஓடும் திசையிலேயே இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவுதான். ப்ளையின் மேல் அடுக்கு மிக மெல்லியது, அதிகம் தேய்த்தால் பசை தெரிந்துவிடும். வார்னிஷ் அடிக்கப் போகிறீர்கள் என்றால் ஓரத்தை இன்னொரு முறை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கருப்பு ஏறாத பிறகு தூரிகையை எடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கரி தூரிகையோடு மேல்பரப்பு முழுக்க இழுபடும்.