25–20 ஆ, 20–19 ஆ? பழைய ‘பிக் கேம்’ ஒன்றை இரு கட்சி ரசிகர்களோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்களான பெர்க்லிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் நடக்கும் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்துக்கு ‘பிக் கேம்’ என்று பெயர். 1892-ல் தொடங்கிய பகை. நம் ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அதில் 1982 நவம்பர் 20-ஆம் தேதி ஆட்டத்தின் கடைசி நான்கு விநாடிக்குத் தனிப் பெயரே உண்டு: ‘தி பிளே’. 20–19 என்று ஸ்டான்ஃபோர்டு முன்னால் நிற்க, பெர்க்லி ஆட்கள் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி வீசி, மைதானத்துக்குள் இறங்கிவிட்ட ஸ்டான்ஃபோர்டு பேண்டு குழுவுக்குள்ளேயே புகுந்து 25–20 என்று ஜெயித்தார்கள். அது செல்லாது என்பது இன்றுவரை ஸ்டான்ஃபோர்டு கட்சி.

நான் பெர்க்லியில் படித்தவன். என் மனைவி ஸ்டான்ஃபோர்டு. அந்த ஆட்டம் நடந்தபோது நான் திருச்சியில் ஐந்தாம் வகுப்பு, அவள் மதுரையில் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருமே நேரில் பார்க்காதவர்கள் என்பதால்தானோ என்னவோ, இரண்டு கட்சிக்காரர்களும் எங்களை நம்பி ஃப்ரீமான்ட் வீட்டுக்கு வருகிறார்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை இதற்கென்றே போய்விடும். இப்படி ஒரு மாலையை நீங்களும் நடத்த நினைத்தால், எங்களுக்குப் பிடிபட்ட முறை இதுதான்.

முதலில் ஆட்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும். ஒரே பக்கத்து ஆட்கள் கூடினால் ஆளுக்கு ஆள் ஆமாம் சாமி போட்டுக் கலைந்துவிடுவார்கள். அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர் ஒருவராவது கட்டாயம் தேவை. 1982-ல் இருபது வயது என்றால் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார். ஓய்வு பெற்றிருப்பார், கூப்பிட்டால் வருவார், பேச ஆசையும் இருக்கும். எங்களுக்கு வாய்த்தவர்கள் இருவர். எதிர்வீட்டுப் பெரியவர் அன்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பகுதியில் உட்கார்ந்திருந்தவர். எனக்கு மேலாளராக இருந்த அம்மா ஒருவர் பெர்க்லிக்காரர்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். கையில் எடுத்துத் தின்னும் சமாச்சாரமாக இருந்தால் போதும். எங்கள் வீட்டில் சமோசாவும் மசால் வடையும். கிண்ணத்தில் ரசம், பாயசம் என்று எதையும் வைக்காதீர்கள். ஐந்தாவது வீச்சு வரும்போது கைகள் எப்படிப் பறக்கும் என்று சொல்ல முடியாது.

இனி முக்கியமான விஷயம். வீடியோவை உடனே போடாதீர்கள். எல்லாரும் வந்ததும் வராததுமாக டிவியைப் போட்டால் அந்த மாலை அங்கேயே முடிந்தது. ஏனென்றால் ‘தி பிளே’ என்று உலகம் முழுக்கச் சுற்றும் துண்டு அரை நிமிடம்கூட இல்லை. படம் தொலைக்காட்சியினுடையது; மேலே கேட்கும் குரல் ஜோ ஸ்டார்க்கியுடைய வானொலி வர்ணனை. “பேண்டு வாத்தியக்காரர்கள் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள்!” என்று அவர் தொண்டை கிழியக் கத்தியது அன்று ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் காதருகே டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். ஆனால் யாரைக் கேட்டாலும் கேட்டதாகவே சொல்வார்கள். நாற்பது வருஷமாக அந்தத் துண்டையே திரும்பத் திரும்பப் பார்த்ததில், தான் பார்த்தது எது, டிவியில் பார்த்தது எது என்பது கலந்துபோயிருக்கிறது.

ஆகவே முதல் அரை மணி நேரம் டிவி அணைந்தே இருக்கட்டும். ஆளுக்கொரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. தாளில் மைதானத்தை ஒரு நீள்சதுரமாக நீங்களே வரைந்து, நடுக்கோட்டையும் போட்டுக் கொடுங்கள். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் பந்து போனது என்று குறிக்கச் சொல்லுங்கள். மூன்று வீச்சு வரை பெரும்பாலும் வந்துவிடும். அதற்கப்புறம் பேனா நின்றுவிடும். விடை இதுதான்: கெவின் மோயன் பந்தை எடுத்து ரிச்சர்ட் ராட்ஜர்ஸுக்கு வீசுகிறார், அவர் டுவைட் கார்னருக்கு, கார்னர் திரும்ப ராட்ஜர்ஸுக்கு, ராட்ஜர்ஸ் மேரியட் ஃபோர்டுக்கு, ஃபோர்டு மறுபடி மோயனுக்கு. வீச்சு ஐந்து, ஆட்கள் நான்கே பேர். எடுத்தவரே கடைசியில் முடித்தார் என்பதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ராட்ஜர்ஸ் இரண்டு முறை வருகிறார் என்பது அனேகமாக யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இந்தத் தாள் வேலையில்தான் உண்மை வெளியே வரும். என் மேலாளர் அம்மா பத்து வருஷமாக அலுவலகத்தில் எல்லாரிடமும் “நான் நேரில் பார்த்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டில் பேனாவைக் கையில் வாங்கியதும் யோசித்தார். ஸ்டேடியத்துக்குள் புள்ளி வைக்காமல், தாளுக்கு வெளியே ஒரு கோடு போட்டு ‘பீட்மான்ட் அவென்யூ’ என்று எழுதினார். ஸ்டான்ஃபோர்டு 20–19 என்று முந்தியதும் வெறுத்துப்போய் எழுந்து வெளியே நடந்துவிட்டாராம். தெருவில் போகும்போது மலைமேல் பீரங்கி வெடித்திருக்கிறது. ஸ்டேடியத்துக்கு மேலே டைட்வாட் ஹில் என்ற குன்றில் இருக்கும் பீரங்கி அது. பெர்க்லி புள்ளி எடுத்தால் வெடிக்கும். நான்கு விநாடி மிச்சம் இருக்க இது எதற்கு வெடிக்கிறது என்று நடுத்தெருவில் நின்றாராம். அவர் பார்த்ததாகச் சொன்ன கதையைவிட, பார்க்காமல் கேட்ட இந்தக் கதை எவ்வளவோ மேல். வீடியோவை முதலிலேயே போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

பேசுவதைப் பதிவுசெய்ய விரும்பினால் முன்கூட்டியே கேட்டுவிட்டு, போனை மேசையில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். ஒளித்துவைத்துப் பதிவு செய்வது மரியாதை இல்லை.

அப்புறம் வீடியோ. கடைசித் துண்டிலிருந்து தொடங்காதீர்கள். இடைவேளையில் பெர்க்லி 10–0 என்று முன்னிலை. மூன்றாம் கால்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு 14–10 என்று தாண்டிவிட்டது. அதுவரை வேகமாக ஓட்டலாம். நான்காம் கால்பகுதியில் பெர்க்லி 19–17 என்று முன்னால் நிற்கும் இடத்திலிருந்து முழுதாகப் பாருங்கள். காரணம் ஜான் எல்வே. பிற்பாடு தொழில்முறை ஃபுட்பாலில் டென்வர் பிராங்கோஸ் அணிக்கு சூப்பர் பௌல் என்ற சாம்பியன் பட்டத்தை இரண்டு முறை வாங்கிக் கொடுத்த அதே எல்வேதான். அன்று ஸ்டான்ஃபோர்டின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்; அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். ஜெயித்தால்தான் அணிக்கு ‘பௌல்’ எனப்படும் பருவ முடிவுச் சிறப்பு ஆட்டத்துக்கு வாய்ப்பு. தங்கள் பக்கத்து 13 யார்டு கோட்டில், நான்காவதும் கடைசியுமான முயற்சி, போக வேண்டிய தூரம் 17 யார்டு; போகாவிட்டால் பந்து பெர்க்லிக்கு. கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்த இடத்தில் எமில் ஹாரிக்கு 29 யார்டு தூரம் ஒரு வீச்சு வீசினார். பெர்க்லிக்காரனான நானே சொல்கிறேன், அந்த மாலையின் மிகச் சிறந்த வீச்சு அதுதான். அரை நிமிடத் துண்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எதிர்வீட்டுப் பெரியவருக்கு இந்த இடத்தில் முகம் மலர்ந்துவிடும். அவருக்காகவே இதை இரண்டு தடவை போடுவேன்.

அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து கோல் கம்பத்துக்கு அருகே வந்துவிட்டார்கள். கடிகாரத்தில் 8 விநாடி இருக்கும்போது எல்வே டைம்-அவுட் கேட்கிறார். இங்கே வீடியோவை நிறுத்துங்கள். கட்டாயம் நிறுத்துங்கள். மார்க் ஹார்மன் 35 யார்டு தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தார், மூன்று புள்ளி, 20–19. உதைத்து முடித்தபோது மிச்சம் 4 விநாடி. டைம்-அவுட்டை இன்னும் நான்கு விநாடி தள்ளிக் கேட்டிருந்தால் ஆட்டம் அதோடு சரி. புள்ளி எடுத்தவர்கள் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் கிக்-ஆஃப் இல்லை, ‘தி பிளே’ இல்லை, நானும் வடை சுட வேண்டியதில்லை. பழைய ரசிகர்களைப் பேசவிட வேண்டிய கேள்வி இதுதான். எல்லாரும் கார்னரின் முட்டி தரையில் பட்டதா என்பதைப் பற்றியே பேசுவார்கள் (அதற்குப் பிறகு வருகிறேன்). என்னைக் கேட்டால் ஆட்டம் தோற்றது முட்டியில் இல்லை, இந்த 8-ல்தான். கோல் போட்ட குஷியில் ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் அடித்த கூத்துக்கு 15 யார்டு தண்டனை வேறு. 40 யார்டு கோட்டிலிருந்து உதைக்க வேண்டியவர்கள் 25-லிருந்து உதைத்தார்கள். அதனால்தான் தாழ்வாக உருண்டு வந்த பந்து மோயனுக்கு ஏறக்குறைய நடு மைதானத்திலேயே கிடைத்தது.

கூட்டத்தில் ஃபுட்பால் தெரியாத இளசுகள் இருந்தால், நிறுத்திய நேரத்திலேயே விதியைச் சொல்லிவிடுங்கள். முன்பக்கம் வீசுவதற்குத்தான் கட்டுப்பாடு. பின்பக்கமோ பக்கவாட்டிலோ யாரும் யாருக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வீசலாம். மணி முடிந்தாலும், பந்து வைத்திருப்பவரைக் கீழே மடக்கும்வரை ஆட்டம் உயிரோடு இருக்கும். இவ்வளவு போதும். ரக்பி தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1906 முதல் 1914 வரை பிக் கேமே ரக்பியாகத்தான் நடந்தது.

கடைசித் துண்டை முதல் தடவை சத்தமில்லாமல் போடுங்கள். ஸ்டார்க்கியின் குரல் இல்லாமல் பார்த்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படும். ஆட்டம் முடிந்ததென்று நினைத்து ஸ்டான்ஃபோர்டு பேண்டு குழு உள்ளே இறங்கி நிற்பது, அது புரியாமல் வாத்தியத்தோடு சிலர் இன்னும் முன்னே வருவது, ஃபோர்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்பக்கம் பந்தை எறிவது, மோயன் சிவப்புக் கோட்டு போட்ட பேண்டுக் கூட்டத்துக்குள் புகுந்து மறைவது. எல்லைக்கோட்டைத் தாண்டிக் குதித்தவர் போய் மோதியது கேரி டிரெல் என்ற டிராம்போன்காரர் மேல். அந்த டிராம்போன் பிற்பாடு கல்லூரி ஃபுட்பாலின் புகழ்க்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் தடவை குரலோடு போடுங்கள். தெரிந்த முடிவுதான், ஆனாலும் கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள்.

சரி, முட்டி. நடுக்கோட்டுக்கு அருகே கார்னரை ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் மொத்தமாக மேலே விழுந்து அமுக்குகிறார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து பந்து வெளியே வருகிறது. அதற்கு முன்னால் அவர் முட்டி தரையில் பட்டதா? பட்டிருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. கபடியில் மூச்சு விட்ட பிறகு கோட்டைத் தொட்டாயா, அதற்கு முன்பா என்று நடக்கும் சண்டை மாதிரிதான், ஆனால் இது நாற்பது வருஷச் சண்டை. அன்று வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் வழக்கமே கல்லூரி ஃபுட்பாலில் இல்லை. நடுவர் சார்லஸ் மாஃபெட் சக நடுவர்களைக் கூப்பிட்டு, யாராவது விசில் ஊதினீர்களா என்று விசாரித்து, இல்லை என்றதும் கையை உயர்த்தினார். 25–20.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்: முட்டிக் காட்சி மூன்று தடவைக்கு மேல் போடப்படாது. இல்லாவிட்டால் விடிந்துவிடும். “முட்டி பட்டாச்சு, குருடனுக்கும் தெரியுது, சும்மா இருங்க” என்பாள் என் மனைவி. “உன் கண்ணுக்குத் தெரிஞ்சா போதுமா, நடுவர் கண்ணுக்குத் தெரியணும்” என்பேன் நான். பழைய படம், தெளிவு போதாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறுதான் பெரிதாகும். தீர்ப்பு சொல்ல முயலாதீர்கள். பல்கலைக்கழகங்களே சொல்லவில்லை. ஜெயித்தவர் வைத்துக்கொள்ளும் கோடரிக் கோப்பையின் பலகையில் இந்த ஆட்டத்துக்கான வரி கை மாறும்போதெல்லாம் மாறும். கோடரி பெர்க்லியிடம் இருந்தால் 25–20, ஸ்டான்ஃபோர்டிடம் இருந்தால் 20–19. அதைப் பார்த்து நாங்களும் ஒரு அட்டையில் இருபக்கமும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். கோடரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திருப்புவோம்.

சூடு அதிகமானால் தணிக்க இரண்டு கதைகள் கைவசம் இருக்கட்டும். ஒன்று, நான்கு நாள் கழித்து ஸ்டான்ஃபோர்டு மாணவப் பத்திரிகைக்காரர்கள் பெர்க்லியின் மாணவப் பத்திரிகை மாதிரியே ஒரு போலி இதழ் அச்சடித்து பெர்க்லி வளாகத்திலேயே கொண்டுபோய் வைத்த கதை. ‘ஆட்டம் ஸ்டான்ஃபோர்டுக்கே என்று அறிவிப்பு’ என்பது தலைப்புச் செய்தி. நம்பினவர்கள் நிறையப் பேர். இரண்டாவது, ராட்ஜர்ஸின் மகன். அவர் பெயரும் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், அவரும் பெர்க்லி. 2015 டிசம்பரில் டெட்ராய்ட்டில் ஆட்டத்தின் கடைசி வீச்சாக ஆரோன் ராட்ஜர்ஸ் 61 யார்டு தூரம் எறிந்த பந்தைப் பிடித்து கிரீன் பே என்ற தொழில்முறை அணியை ஜெயிக்க வைத்தவர் அவர்தான். ஆரோனும் பெர்க்லிக்காரர், ஆனால் சொந்தக்காரர் இல்லை. இதைச் சொன்னால் ஸ்டான்ஃபோர்டு பக்கமும் சிரித்துவிடும்.

முடிக்கும்போது 1982-லேயே விட்டுவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு விருந்தாளிகள் மூன்று மணி நேரம் தோற்றுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். 1990 பிக் கேமின் கடைசி நிமிடத்தைப் போடுங்கள். 1982-ல் ஆடிய அதே பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியம். 12 விநாடி இருக்கும்போது ஸ்டான்ஃபோர்டு பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஆறு புள்ளி (டச்டவுன்) எடுத்தும், கூடுதல் இரண்டு புள்ளி கிடைக்காமல் 25–24 என்று பெர்க்லியே முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடிந்ததென்று நினைத்து இந்த முறை உள்ளே ஓடி வந்தது பெர்க்லி ரசிகர்கள். 15 யார்டு தண்டனை. கிக்-ஆஃபில் வேண்டுமென்றே கிட்டத்தில் விழும்படி உதைத்த பந்தை ஸ்டான்ஃபோர்டே கைப்பற்றுகிறது, ஜான் ஹாப்கின்ஸ் 39 யார்டு தூரத்திலிருந்து உதைக்கிறார், 27–25.

இதைப் போடும்போது ரிமோட் என் மனைவி கையில் இருக்கும். இதற்கு மூன்று தடவைச் சட்டம் கிடையாது என்பது அவள் கட்சி. நான் அந்த நேரத்தில் காபி போட உள்ளே போய்விடுவேன்.