குமுறாத பேஸ்: சப்வூஃபருக்கு இடம் பார்ப்பது எப்படி?

பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்தான் சப்வூஃபர். அது புதிதாக வந்ததும் டிவிக்குப் பக்கத்து மூலையில் தள்ளிவிட்டு வொலியூமைக் கூட்டுவதுதான் பலருடைய வழக்கம். சத்தம் வரும், ஆனால் பறையும் பேஸ் கிற்றாரும் ஒரே 'டும்'தான். திருகோணமலை வீடுகளின் சீமெந்துத் தரையும் கல் சுவரும் தாழ்ந்த ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். திரைச்சீலைக்கெல்லாம் அது அடங்காது. அதனால் முதல் வேலை இடம் பார்ப்பது. காசும் செலவில்லை.

1. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் கிற்றார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அப்புறம் சுவரோரமாகத் தவழுங்கள். ஆம், முழங்காலில்தான், வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். ஓரிடத்தில் ஒரு சுரம் மட்டும் வீங்கும், இரண்டடி தள்ளினால் அதுவே காணாமல் போகும். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிற இடம்தான் சப்வூஃபருக்குரிய இடம்.

இந்த விளையாட்டுக்குக் காரணம் அறையின் அளவு. 565ஐ அறை நீளத்தால், அடிக்கணக்கில், வகுத்துப் பாருங்கள். 12 அடி அறைக்குச் சுமார் 47 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 47 அதிர்வு, வரும். அந்த ஒலி சுவரோரம் வீங்கும், நட்டநடுவில் மறைந்துவிடும். ஆகவே சோபாவைச் சரிநடுவிலும் போட வேண்டாம், பின்சுவரோடு ஒட்டியும் போட வேண்டாம்.

2. ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என வைத்து, அவற்றின் பேஸைச் சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையான குரோஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸ் ஆக்குங்கள். சப்வூஃபரின் பின்னாலுள்ள குரோஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து வடிகட்டினால் பேஸ் மெலிந்துபோகும். சப்வூஃபரின் வொலியூம் பாதியில் இருக்கட்டும்.

3. சப்வூஃபரின் ஒலி அலையை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்சைத் தம்பியையோ மகளையோ 0, 180 என மாற்றச் சொல்லி, நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். எதில் பேஸ் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

4. போனை ரிசீவரோடு இணைத்து, 20இலிருந்து 80 ஹேர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை மெதுவான சத்தத்தில் போடுங்கள். ஜன்னல் கண்ணாடி, அலுமாரிக் கதவு, சுவரில் மாட்டிய சாமிப் படம் என்று ஏதாவது கிடுகிடுக்கும். கையால் அழுத்தியதும் நின்றால் ஆளைப் பிடித்தாயிற்று. பின்னால் ஒரு ரப்பர் துண்டு போதும்.

படம் ஓடாதபோதும் 'ம்ம்' என்று இரைந்தால், எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், இரைச்சல் நின்றாலும் உயிருக்கு ஆபத்து. உப்புவெளி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் சிக்னல் வயரின் முனையையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் களிம்பு ஏறியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.