காலப் பயணத் தொடரில் விதியா மதியா? ஓர் அட்டவணை போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி

'டார்க்' என்ற ஜெர்மன் காலப் பயணத் தொடரை முதல் தடவை பார்த்தபோது இரண்டாவது சீசன் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். புரியாமல் போனதுகூடப் பரவாயில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்ததெல்லாம் தப்பாகப் போனதுதான் எரிச்சல். அப்புறம் ஒரு தாளை எடுத்து அட்டவணை போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். 26 எபிசோடும் முடிந்தது. இப்போது தூக்கத்தில் எழுப்பி யார் யாருக்கு அப்பா என்று கேட்டாலும் சொல்வேன்.

அந்த அட்டவணையால் இன்னொரு லாபமும் உண்டு. "எல்லாம் விதி" என்று ஒரு பாத்திரம் சொல்லும், "நம்மால் மாற்ற முடியும்" என்று இன்னொன்று மார்தட்டும். இரண்டையும் நம்ப வேண்டியதில்லை. கதை எந்தப் பக்கம் என்பதை நாமே பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஸ்பாய்லர் நிறைய வரும். 'டார்க்' பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பதிவு எங்கேயும் போய்விடாது.

தேவையானவை

பெரிய தாள், பென்சில், அழிரப்பர், சிவப்பும் பச்சையுமாக இரண்டு பேனா. மைண்ட் மேப் ஆப் எதுவும் வேண்டாம். மூன்று ஆப்களில் முயன்று பார்த்தேன். நாலாவது எபிசோடுக்குள் பூனை உருட்டிய நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. எக்ஸெல் பிடித்தவர்கள் பிறகு அதில் ஏற்றிக்கொள்ளலாம். முதல் பிரதி தாளில்தான், அதுவும் பென்சிலில்தான்.

படி 1: நடந்ததை மட்டும் எழுதுங்கள்

யார், எங்கே, என்ன செய்தார். அவ்வளவுதான். பாத்திரங்களின் தத்துவ வசனங்களை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

படி 2: ஆளுக்கு இரண்டு கடிகாரம்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் தடவை ஒரே ஒரு நீளக் கோடு போட்டு 1953, 1986, 2019 என்று ஆண்டு வாரியாகச் சம்பவங்களை அடுக்கினேன். 2019 ஜூன் 21, மைக்கேல் தூக்குப் போட்டுக்கொள்கிறார். 2019 நவம்பர் 4, மிக்கல் என்ற 11 வயதுப் பையன் காணாமல் போகிறான். ஜூனுக்கு அப்புறம் நவம்பர், வரிசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பையன் குகை வழியாக 1986-க்குப் போய், அங்கேயே வளர்ந்து, மைக்கேல் ஆகி, கல்யாணம் செய்துகொண்டு, கதாநாயகன் யோனாஸுக்கு அப்பாவும் ஆகிறான். இரண்டு பேரும் ஒரே ஆள்! என் கோட்டின்படி அவன் ஜூனில் செத்து, நவம்பரில் தொலைந்துபோகிறான். தாளைக் கிழித்துப் போட்டது அன்றைக்குத்தான்.

தீர்வு சின்னது. பயணம் செய்கிற ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டியல், அதில் இரண்டு பத்தி. இடது பத்தியில் காலண்டர் தேதி, வலது பத்தியில் அந்த ஆளின் வயது. பட்டியலை வயதுப்படி மட்டும் அடுக்க வேண்டும். மிக்கலுக்கு இப்படி வரும்:

2019 நவம்பர் – 11 வயது – காணாமல் போகிறான்
1986 நவம்பர் – அதே 11 வயது – குகையிலிருந்து வெளியே வருகிறான்
2019 ஜூன் – சுமார் 43 வயது – சாகிறான்

வலது பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். சாதாரண வாழ்க்கைக் கதை மாதிரி நேராக ஓடுகிறது. டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் காலப் பயண முரண்கள் பற்றி 1976-இல் எழுதிய கட்டுரையிலேயே வெளிக் காலம் வேறு, பயணியின் சொந்தக் காலம் வேறு என்று பிரித்துக் காட்டிவிட்டார். எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

வயது சொல்லாத பாத்திரமாக இருந்தால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். நினைவு எப்போதும் வலது பத்தியின் வழியாகத்தான் போகும் என்பதை மறக்காதீர்கள். "இவனுக்கு இது ஏன் தெரியவில்லை?" என்று தோன்றினால், பாதிக்கு மேல் பதில், அவன் வயதுக்கு அது இன்னும் நடக்கவில்லை என்பதுதான்.

படி 3: இரண்டு தடவை வரும் சம்பவத்தைப் பிடியுங்கள்

1986-இல் வரும் ஹெல்கேயின் முகத்தில் ஒரு தழும்பு இருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், நானும் கண்டுகொள்ளவில்லை. எட்டாவது எபிசோடில் போலீஸ்காரர் உல்ரிக் 1953-க்குப் போய், சிறுவன் ஹெல்கேயைக் கல்லால் அடிக்கிறார். பெரியவனாகி மிக்கலைக் கடத்தப்போவது இவன்தான், இவன் இப்போதே செத்தால் தன் மகன் மிக்கல் பிழைப்பான் என்று அவர் கணக்கு. பையன் சாகவில்லை. தழும்புதான் மிச்சம். அந்தத் தழும்பை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "தழும்பு: முன்பு பார்த்தது உண்டு / காரணம் பிறகு வந்தது / வித்தியாசம் இல்லை." விளைவை முதலிலும் காரணத்தைப் பிறகும் காட்டுகிற இடங்களை எல்லாம் இப்படிக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு சீசனுக்கு ஐந்தாறு தேறினாலே போதும்.

படி 4: 380 அல்லது 620

என் அட்டவணையில் விதி, மதி என்று எழுதுவதில்லை. குறள் எண்தான். "ஊழிற் பெருவலி யாவுள" என்பது 380. எதைச் சூழ்ந்தாலும் ஊழ் முந்திக்கொண்டு வந்து நிற்கும். "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்பது 620. தளராமல் முயல்பவர் அந்த ஊழையே முதுகு காட்ட வைப்பார். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

சம்பவம் இரண்டாம் தடவை வரும்போது எதுவும் மாறவில்லை என்றால் சிவப்பில் 380. ஏதாவது மாறியிருந்தால் பச்சையில் 620.

'லாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடரின் ஐந்தாவது சீசனில் 1977-க்குப் போன சயீத், பின்னாளில் வில்லனாகப்போகும் சிறுவன் பென்னைச் சுடுகிறான். பென் பிழைத்து, நாம் அறிந்த அதே ஆளாகத்தான் வளர்கிறான். சிவப்பு. கொரியத் தொடர் 'சிக்னல்' (2016) நேர் எதிர். வாக்கி டாக்கியில் பழைய காலத்துப் போலீஸ்காரரிடம் பேசினால் இன்றைய வழக்கின் விவரமே மாறிவிடும். ஒருவரைக் காப்பாற்றப் போய் வேறொருவர் சாவதும் உண்டு. பச்சை, கொஞ்சம் ரத்தம் படிந்த பச்சை.

1967-இல் வந்த ஒரு 'ஸ்டார் ட்ரெக்' எபிசோடில் பலர் தடுமாறுவார்கள். 1930-இல் எடித் கீலர் விபத்தில் சாக வேண்டும், எதிர்காலத்திலிருந்து அங்கே போன விண்கலக் கேப்டன் கிர்க் அவளைக் காதலிக்கிறார், கடைசியில் அவள் செத்துவிடுகிறாள். உடனே சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். அவருடைய விண்கல டாக்டர் மெக்காய் ஒரு தடவை அவளைக் காப்பாற்றி, வரலாறே தடம் மாறிப்போனதால்தான் இந்தக் கதையே. மாற்ற முடியும் என்பதால்தான் கிர்க் நகர்ந்துபோய் மெக்காயைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. எல்லாம் விதி என்றால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாமே. பச்சைதான்.

ஓர் எச்சரிக்கை: 'டார்க்' மூன்றாவது சீசன் முடியும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். ஏன் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

பின்சேர்க்கை 1: எக்ஸெல்லில் ஏற்றிய ஒருவர், வரிசைப்படுத்தினால் 'டார்க்'கின் 1888 சம்பவங்கள் எல்லாம் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று கமெண்ட் போட்டிருந்தார். 1900-க்கு முந்தைய தேதியை எக்ஸெல் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக நினைத்துக்கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எண்ணாகப் போடுங்கள், சரியாகிவிடும்.

பின்சேர்க்கை 2: 'டாக்டர்' என்ற காலப் பயணியின் தொடரான 'டாக்டர் ஹூ'வில் 2009-இல் வந்த செவ்வாய்க் கிரகக் கதைக்கு என்ன நிறம் என்று கேட்டிருந்தீர்கள். அங்கே சாக வேண்டிய அடிலெய்டை டாக்டர் பூமிக்கு அழைத்து வந்துவிடுகிறார். அடிலெய்டோ தன் வீட்டுக்குள் போய் உயிரை விட்டுவிடுகிறார். இடம் மாறியது, சாவு மாறவில்லை. பாதி பச்சை, பாதி சிவப்பு அடித்து வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 3: "உல்ரிக்கின் கையைப் பிடித்துக் கல்லை யார் தூக்க வைத்தார்கள்? அவர்தானே தூக்கினார்?" என்று ஒரு வாசகி கேட்டார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் கேட்டது சரி. 380 என்று நான் குறித்தது முடிவை மட்டும்தான். அடிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானித்தது உல்ரிக். அதனால் "யார் முடிவெடுத்தார்?" என்று இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறேன், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வரிகளில் பதில் சட்டென்று வந்துவிடுகிறது.

மைக்கேலின் கடைசி வரியில் மட்டும் வரவில்லை. அப்பாவைத் தடுக்கத்தான் யோனாஸ் 2019 ஜூனுக்குப் போகிறான். அப்படி ஒரு எண்ணமே இல்லாதிருந்த அப்பாவுக்கு, விஷயத்தைச் சொல்லி வழி காட்டியதே அவன்தான் என்று ஆகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் ஒரு தடவை "மைக்கேல்" என்று எழுதி அழித்தேன். அப்புறம் "யோனாஸ்" என்று எழுதி, அதையும் அழித்தேன். பென்சில் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.