பெடியனுக்கு முதல் ஸ்கீ எடுக்கிறதெண்டா: சப்பாத்து முதல், பைண்டிங் ரெண்டாவது, ஸ்கீ கடைசி

பள்ளிக்கூடத்தால கடிதம் வந்த உடன வீட்டில கலவரம் தொடங்கும். பெப்ரவரியில ஷ்கிலாகர், அதாவது பனிச்சறுக்குப் பழகுற பள்ளிக்கூட முகாம், ஒரு கிழமை, கொண்டுவர வேண்டிய சாமான் இவ்வளவு எண்டு ஒரு பட்டியல். சுவிஸ் பிள்ளையள் மூண்டு நாலு வயசில இருந்தே தாய் தேப்பனோட மலைக்குப் போய்ப் பழகினதுகள், எங்கட பொடியன் 14 வயசில முதல்முதலா நிக்கப்போறான், எங்களுக்கோ பனி எண்டா மார்கழி விடியப்புறம் வேலியில சொட்டுற பனிதான் தெரியும், இதில ஆரிட்டப் போய்க் கேக்கிறது.

நான் ஒருத்தரிட்டயும் கேக்காமல் பழைய சாமான் கடையில 40 பிராங்குக்கு ஒரு சோடி ஸ்கீ வாங்கிக்கொண்டு வந்தனான். பளபளப்பா இருந்தது, சப்பாத்தை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பைண்டிங்கும் பூட்டித்தான் கிடந்தது, பேந்தென்ன எண்டு நினைச்சன். ஸ்கீச் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு ஸ்போட்ஸ் கடைக்குப் போய் இதைச் சரிசெய்து தாங்கோ எண்டு கேட்டா அந்த ஆள் ஸ்கீயைத் திருப்பிப் பாத்தார், பைண்டிங்கின்ர முன் துண்டைப் பெருவிரலால ஒருக்கா தள்ளிப் பாத்தார், பிறகு ஒரு மாதிரிச் சிரிச்சார். இது 165 சென்ரிமீற்றர், பெரிய ஆக்களின்ர, பைண்டிங் இந்தச் சப்பாத்துக்குச் சேராது, நான் கை வைக்கமாட்டன் எண்டிட்டார். 40 பிராங் போனது. அவர் அண்டைக்கு இல்லை எண்டு சொன்னதுக்கு இப்பவும் நன்றி சொல்லுறன்.

அதுக்குப் பிறகு படிச்சதைத்தான் இங்க எழுதுறன்.

முதல் கேள்வி, வாங்கிறதோ வாடகையோ. வளருற பிள்ளைக்கு வாடகைதான், இதில எனக்குச் சந்தேகமே இல்லை. இங்க கனக்க ஸ்போட்ஸ் கடையள் இலையுதிர் காலத்திலயே சீசன் முழுக்க வாடகைக்குக் குடுக்கத் தொடங்கிடுவினம், ஸ்கீ, பைண்டிங், சப்பாத்து, தடி எல்லாம் ஒரே செற்றா, பைண்டிங்கும் அவையே சரிபாத்துத்தான் தருவினம். ஜனவரி கடைசி மட்டும் பொறுத்துப் போனா நல்ல சைஸ் எல்லாம் போயிருக்கும், அதால ஒக்ரோபர் நவம்பரிலயே போங்கோ. ஒரு கிழமைக்கு மட்டும்தான் தேவை எண்டா மலையடிவாரத்துக் கடையிலயும் எடுக்கலாம், ஆனா லாகருக்கு வந்த முழுப் பிள்ளையளும் ஒரே நேரத்தில நிக்கேக்க அவதிப்பட்டு அளக்கிற சப்பாத்து எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. வாங்கத்தான் வேணும் எண்டா ஊர் ஊரா நடக்கிற ஷ்கிபேர்ஸெ எண்ட பழைய ஸ்கீச் சாமான் சந்தையில பழசு வாங்கலாம், கீழ சொல்லுறதைப் பாத்து வாங்குங்கோ.

சப்பாத்தில இருந்து தொடங்குவம். எல்லாரும் ஸ்கீயின்ர கலரைப் பாத்துக்கொண்டு நிக்க, பிள்ளை அழுறது சப்பாத்தாலதான். சைஸ் சாதாரண நம்பர் இல்லை, பாதத்தின்ர நீளம் சென்ரிமீற்றரில, அதை மொண்டோ எண்டுவினம். மகனுக்கு தெருச்சப்பாத்து 40, ஸ்கீச் சப்பாத்து 25.5. சரியா இருக்கோ எண்டு பாக்க ஒரு வழி இருக்கு, கடைக்காரர் செய்யாட்டி நீங்களே கேளுங்கோ: உள்ள இருக்கிற பஞ்சுச் சப்பாத்தைக் கழட்டி எடுத்திட்டு வெறும் பிளாஸ்ரிக் கோதுக்குள்ள காலை விடச் சொல்லி, பெருவிரல் முன்னுக்கு மெல்ல முட்டுற அளவுக்குத் தள்ளி, குதிக்காலுக்குப் பின்னால எத்தினை விரல் போகுது எண்டு பாக்கிறது. ஒண்டரை விரல் போனா நல்லம், வளருற கால் எண்டு ரெண்டு விரல் மட்டும் விடலாம். மூண்டு விரல் போனா அது அடுத்த வருசத்துக்கும் சேத்து வாங்கிற எங்கட பழைய குணம், பள்ளிக்கூடச் சப்பாத்தில அது ஓடும், இதில குதிக்கால் மேல எழும்பி, ஸ்கீ ஒரு பக்கம் போக கால் இன்னொரு பக்கம் போகும். காலுறை ஒண்டே ஒண்டுதான், மெல்லிசா, நீளமா. குளிருமெண்டு அம்மாமார் ரெண்டு போட்டு விடுவினம், அது ரத்தோட்டத்தை நெருக்கி இன்னும் கூடத்தான் குளிரும். சப்பாத்தின்ர இறுக்கத்துக்கு ஃப்ளெக்ஸ் எண்டு ஒரு நம்பர் போட்டிருக்கும், பழகுற பிள்ளைக்கு 60, 70, கொஞ்சம் உடம்பான பிள்ளையெண்டா 80 காணும்.

இனி பைண்டிங், கடையில பிண்டுங் எண்டுவினம். நான் இதில கொஞ்சம் கூட நேரம் எடுக்கப்போறன், ஏனெண்டா காலை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிறதும் இதுதான், விழேக்க விட்டுவிட வேண்டியதும் இதுதான். முன் துண்டு பக்கவாட்டா முறுகினா விடும், பின் துண்டு முன்னுக்குக் குப்புற விழுந்தா மேல கழண்டு விடும். எவ்வளவு பலம் வந்தா விடோணும் எண்டதுக்குத்தான் பைண்டிங்கில இருக்கிற சின்ன யன்னலுக்குள்ள தெரியிற நம்பர், டின் எண்டும் சொல்லுவினம், ஜெர்மன்காரர் ட்செட்-வெர்ட் எண்டுவினம். கூட வைச்சா விடவேண்டிய நேரத்தில விடாது, கால் எலும்பு முறியும். குறைய வைச்சா ஓடிக்கொண்டிருக்கேக்கயே கழண்டு விழுத்தும், அதுவும் ஆபத்துத்தான். ஒண்டு சொல்லோணும், நல்லா செற் பண்ணின பைண்டிங் கால் எலும்பைக் காப்பாத்திற அளவுக்கு முழங்கால் சவ்வைக் காப்பாத்தாது, அதுக்கு விழப்பழகிறதுதான் வழி, அதைப் பயிற்சி ரீச்சர் காட்டுவார்.

அந்த நம்பர் வாயால வாறதில்லை. எடை, உயரம், வயசு, சப்பாத்தின்ர அடி நீளம், எப்பிடி ஓடுற ஆள், இந்த அஞ்சையும் வைச்சு அட்டவணையில பாக்கிறது. அடி நீளம் சப்பாத்தின்ர குதிக்கால் பக்கத்தில பிளாஸ்ரிக்கிலயே பதிச்சிருக்கும், மகன்ரயில 295 மில்லிமீற்றர். அடி நீளமா இருந்தா நெம்புகோல் மாதிரி வேலை செய்யும், அதால அதே எடைக்கு நம்பர் குறையும். மகன் 158 சென்ரிமீற்றர், 47 கிலோ, நெட்டையன் ஆனா சதையில்லை. அட்டவணையில உயரம் ஒரு வரியில, எடை ரெண்டு வரி மேல. அப்பிடி வந்தா குறைஞ்ச நம்பர் வாற வரியைத்தான் எடுக்கிறது, அவனுக்கு 3ஐச் சுத்தித்தான் வந்தது. எப்பிடி ஓடுவாய் எண்டு கடைக்காரர் கேட்டதுக்கு மகன் "நல்லா ஓடுவன்" எண்டார், ஒருநாளும் ஸ்கீயில நிக்காத ஆள்! பக்கத்தில நிண்ட வகுப்புப் பெட்டைக்காகச் சொன்னது எண்டு பிறகு விளங்கினது. நான் குறுக்கிட்டு, பழகுறவர், முதல் தரம் எண்டு சொன்னனான். இதில வெக்கப்படாதேங்கோ. பொம்பிளைப் பிள்ளையள் எடையைக் குறைச்சுச் சொல்லுறதும், பொடியள் தங்கட திறமையைக் கூட்டிச் சொல்லுறதும் கடைக்காரருக்குப் புதிசில்லை, ஆனா அவர் உங்கட வாயைத்தான் நம்ப வேண்டிக்கிடக்கு.

இங்கதான் என்ர 40 பிராங் ஸ்கீ மாட்டினது. ஒவ்வொரு பைண்டிங்குக்கும் ஒரு வீச்சு இருக்கு, பெரிய ஆக்களின்ர கனக்க 3இல தொடங்கி 10இல முடியும். பிள்ளையின்ர நம்பர் 3 எண்டா அது வீச்சின்ர ஆகக் கீழ் நுனியில போய் நிக்கும். 2இல இருந்து 7 மட்டும் போறது மாதிரி ஒண்டு எடுத்தா அவன்ர நம்பரும் அடங்கும், ரெண்டு வருசம் வளரவும் இடமிருக்கும். அடுத்தது அடியின்ர வடிவம். சின்னப் பிள்ளையளின்ர சப்பாத்து அடி ஒரு தரம், பெரிய ஆக்களின்ர தட்டை அடி இன்னொரு தரம், இப்ப வாறதுகளில நடக்கிறதுக்குச் சுகமா வளைஞ்ச ரப்பர் அடி, கிரிப்வோக் எண்டுவினம். பழைய பைண்டிங்குக்குள்ள கிரிப்வோக் அடி போற மாதிரி இருக்கும், க்ளிக் எண்டு சத்தமும் வரும், ஆனா சரியா விடாது. க்ளிக் சத்தத்தை நம்பாதேங்கோ. சப்பாத்திலயும் பைண்டிங்கிலயும் என்ன எழுதியிருக்கு எண்டு பாத்து, ரெண்டும் சேருமோ எண்டு கடையில கேளுங்கோ.

பிறகு கடைக்காரர் சப்பாத்தைப் பைண்டிங்கில பூட்டி, பின் துண்டு சப்பாத்தை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கிற அழுத்தம் சரியோ எண்டு பைண்டிங்கில இருக்கிற அடையாளக் கோட்டைப் பாத்து, மெஷினில வைச்சு முறுக்கிப் பாப்பார். இங்க பிஎஃப்யூ எண்ட விபத்துத்தடுப்பு அமைப்பு வருசா வருசம் இதைச் செய்யச் சொல்லுது, சோதிச்சதுக்கு அடையாளமா ஸ்கீயில ஒரு வின்யெற் ஸ்ரிக்கர் ஒட்டி விடுவினம். பழசு வாங்கினா இந்தச் சோதனைச் செலவையும் சேத்துக் கணக்குப் பாருங்கோ. சப்பாத்து மாத்தினா ஸ்கீ அதேயெண்டாலும் திரும்பச் சரிசெய்யோணும், அண்ணன்ர ஸ்கீயில தம்பி சும்மா ஏறி ஓட ஏலாது.

ஸ்கீ கதை சின்னன். நிமித்தி வைச்சா நாடிக்கும் மூக்குக்கும் இடையில வரவேணும், மகனுக்கு 140க்குக் கிட்ட. பயந்த பிள்ளையெண்டா நாடி, கொஞ்சம் பாரமான, துணிஞ்ச பிள்ளையெண்டா மூக்கு. நடுவில ஒடுங்கின இடம் 70 மில்லிமீற்றரைச் சுத்தி இருந்தா உருட்டித் தட்டையாக்கின சறுக்குப் பாதையில, பிஸ்ரெ எண்டுவினம், சுகமாத் திரும்பும், 90, 100 எண்டு அகலமானது ஆழமான பனிக்கு, இப்ப தேவையில்லை. நுனி கொஞ்சம் முந்தியே மேல வளையிற ரோக்கர் இருந்தா திருப்ப லேசு. கையால வளைச்சுப் பாத்தா வளையோணும், பலகை மாதிரி நிண்டா அது ரேஸ்காரரின்ர. பொம்பிளையளுக்கெண்டு வாற மொடல் கனக்க மெல்லிசு, பாரம் குறைவு, மெலிஞ்ச பொடியனுக்கு அருமையாச் சரிவரும், ஆனா பூப்போட்டிருந்ததால எங்கட ஆள் தொடவே மாட்டன் எண்டிட்டார். பழசெண்டா அடியில ஆழமான கீறல் இருக்கோ, ஓரத்து இரும்பு வெடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ, மேலோட்டமான கறள் தீட்டினாப் போயிடும். தடிக்கு, தலைகீழாப் பிடிச்சு வட்டத்துக்குக் கீழ கை வைச்சா முழங்கை நேர்க்கோணத்தில நிக்கோணும், அவ்வளவுதான். ஹெல்மெற் இரவல் வாங்கிறதெண்டா முந்தி அடிபட்டதோ எண்டு கேட்டு வாங்குங்கோ.

போக முதல் வீட்டில ஒருக்கா காப்பெற்றில சப்பாத்தைப் போட்டு அரை மணித்தியாலம் நடக்க விடுங்கோ, எங்க குத்துது எண்டு அப்ப தெரியும். கார்ப்பாக்கில கல்லுக்கு மேல நடந்து அடியைத் தேய்க்க வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. பைண்டிங்கில ஏற முதல் அடியில ஒட்டின பனியைத் தடியால தட்டி எடுக்கோணும், அது இருந்தா அரைகுறையாப் பூட்டி நடுவழியில கழட்டி விழுத்தும். இதைத்தான் முதல்நாள் எல்லாரும் பைண்டிங் லூஸ் எண்டு நினைக்கிறது. உடன ஒரு கூட்டாளி ஸ்குரூட்ரைவரோட வந்து நம்பரைக் கூட்டி விடுவான், லாகரில அப்பிடி ஒருத்தன் எப்பவும் இருப்பான். அதுக்காக மகன்ர நம்பரை ஒரு துண்டில எழுதி, இதை ஒருத்தரும் திருப்பக் கூடாது, கழண்டா ரீச்சரிட்டச் சொல்லு எண்டு ஹெல்மெற்றுக்குள்ள ஒட்டி விட்டனான். சனிக்கிழமை வந்து இறங்கின உடன முதல் வேலையா யன்னலைப் பாத்தன், நம்பர் அப்பிடியே கிடந்தது, துண்டைத்தான் காணேல்ல.