மாரியில் ஆந்தைக் கூடு பார்க்கப் போகிறவர்களுக்கு

போன கிழமை இரண்டு பொடியன்கள் ஃபோனை நீட்டி, "அண்ணன், அஞ்சு முட்டை கிடக்கு!" என்றார்கள். தெளிவான படம். எனக்கு நெஞ்சு பதறியது. முட்டை அத்தனை தெளிவாகத் தெரிகிறதென்றால், அடைகிடந்த கூகையை, அந்த வெள்ளை முக ஆந்தையை, எழுப்பிவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அடைகிடப்பதை எழுப்பாதீர்கள்

நானும் இதைச் செய்தவன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பழைய நெல் களஞ்சியம், ஓட்டுக்கூரைக்குக் கீழே பரண். மார்கழி அடைமழை. முட்டை எண்ணவென்று ஏணி வைத்து ஏறி டோர்ச் அடித்தேன். கூகை என் தலைக்கு மேலால் மழைக்குள் பறந்தது. எதிர்த் தென்னையில் ஒதுங்கியதைக் காகங்கள் சூழ்ந்து கொத்தி விரட்டின. மூன்றாம் நாள் ஏறித் தொட்டுப் பார்த்தேன். ஆறு முட்டையும் சில்லிட்டுக் கிடந்தன.

கூகையில் பெட்டை மட்டுமே அடைகாக்கும், ஒரு மாதமளவில். அதுவரை சேவல்தான் எலி கொண்டுவந்து கொடுக்கும். சத்தமில்லாமல் பறக்க உதவும் அந்த மெத்தென்ற இறகு மழையில் ஊறிப் பாரமாகிவிடும். விடாமல் பெய்கிற நாட்களில் சேவலுக்கு வேட்டை சரிவராது, பெட்டை அரைவயிற்றோடு கிடக்கும். அப்படிக் கிடப்பதையா துரத்துவது?

முட்டை எண்ணுகிற அந்தக் கணக்காலும் பயனில்லை. முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வருகின்றன. இன்று ஐந்து என்று எழுதினால் அடுத்த கிழமை ஏழாக இருக்கலாம். மைம்மலுக்கு, அதாவது இருள் கவியும் நேரத்துக்கு, முன்பே ஐம்பது அடி தள்ளி, மறைவாக உட்காருங்கள். சேவல் எத்தனை தரம் இரையோடு வருகிறது என்று நேரத்தோடு குறியுங்கள். உள்ளேயிருந்து பல குரலில் சீறல் கேட்கத் தொடங்கினால் குஞ்சு பொரித்துவிட்டது. இதற்கு ஏணி எதற்கு?

கக்கல் உருண்டையை எச்சமென்று தள்ளாதீர்கள்

செரிக்காத மயிரையும் எலும்பையும் ஆந்தை உருண்டையாகக் கக்கும். மழையில் கரையுமுன் கூரைக்குக் கீழே கிடப்பதைப் பொறுக்குங்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடுகள் முழுசாகவே வரும். வெள்ளாமைக்காரருக்கு அதைக் காட்டுங்கள். கூகை எதற்கு வேண்டுமென்று அவர்களுக்கே விளங்கும்.

ஆந்தைக் குரல் ஒலிப்பதிவு போட்டு அழைப்பது

கூடு இருக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இடத்தை முகநூலில் போடுவது

கூடாது. சாக்குருவி என்று கல்லெடுக்க இன்னமும் ஆள் இருக்கிறது.