டேட்டாபேஸில் டேபிளுக்கும் நெடுவரிசைக்கும் (column) பெயர் வைக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

ஒரு டேபிளில் கஸ்ட்_ஐடி, இன்னொன்றில் கஸ்டமர்_நோ, மூன்றாவதில் வெறும் சி_ஐடி. மூன்றும் ஒரே வாடிக்கையாளர் எண்தான். ஆனால் அதை உறுதி செய்ய டேபிளை உருவாக்கியவரைத் தேட வேண்டும், அவரோ வேலையை விட்டுப் போயிருப்பார். புதிதாகச் சேர்கிறவர்கள் இதில் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பஞ்சாயத்தை முடித்துவிடுங்கள். எல்லாமே சின்ன எழுத்து, சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர். காரணம் இருக்கிறது, ஒவ்வொரு டேட்டாபேஸ் மென்பொருளும் ஒரு மாதிரி: மேற்கோள்குறி போடாமல் எழுதும் பெயரைப் போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக்கிக்கொள்ளும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கிக்கொள்ளும், மைஎஸ்கியூஎல்லில் டேபிள் பெயரின் கதி அது எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நான் முன்பு இருந்த இடத்தில், விண்டோஸ் லேப்டாப்பில் நன்றாக ஓடிய மைஎஸ்கியூஎல் ப்ராஜெக்ட், லினக்ஸ் சர்வருக்குப் போனதும் அப்படி ஒரு டேபிளே இல்லை என்றது. டேபிள் பெயரின் முதல் எழுத்து ப்ரோகிராம் கோடில் பெரிது, சர்வரில் சின்னது, அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது.

அப்புறம் ரிசர்வ்டு வார்த்தைகள், அதாவது டேட்டாபேஸ் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்து வைத்திருக்கும் சொற்கள். யூசர், ஆர்டர் என்று ஒருமையில் வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் யூசர் டேபிளை மேற்கோள்குறி இல்லாமல் செலக்ட் செய்து பாருங்கள், எரர் வராது, நீங்கள் லாகின் செய்த பெயர் மட்டும் ஒரே வரியாக வந்து நிற்கும். எரரே வராததால்தான் இது ஆபத்து. யூசர்ஸ், ஆர்டர்ஸ் என்று பன்மையில் வைத்தால் தொல்லை இல்லை. (குரூப்ஸ் மட்டும் விலக்கு, மைஎஸ்கியூஎல் 8-ல் அதுவும் ரிசர்வ்டு.)

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அளவின் அலகு. அமௌன்ட் என்று ஒரு நெடுவரிசை, உள்ளே 50000. ஐம்பதாயிரம் ரூபாயா, ஐந்நூறு ரூபாயைப் பைசாவில் எழுதியதா? நம் ஊர்ப் பேமென்ட் கேட்வேக்களில் தொகையைப் பைசாவில் கேட்பவை உண்டு, அதை அப்படியே சேமித்துவிட்டு ரிப்போர்ட்டில் ரூபாய் என்று காட்டினால் நூறு மடங்கு தப்பு. அமௌன்ட்_பைசா என்று வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெயிட்_கேஜி, டியூரேஷன்_செகண்ட்ஸ் எல்லாம் இதே வழிதான்.

ஆம், இல்லை என்று பதில் வரும் நெடுவரிசைகளுக்கு இஸ்_ஆக்டிவ் மாதிரி நேரான பெயர் போதும். நாட்_டெலீட்டட் மாதிரி எதிர்மறைப் பெயர் வேண்டாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸா? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்பாதீர்கள். புது டேபிள்களில் விதியைத் தொடங்குங்கள். பழைய டேபிள் ஒன்றின் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்றால், மாற்றிவிட்டு பழைய பெயரில் ஒரு வியூ (புதுப் பெயர் டேபிளின் தகவலையே எடுத்துக் காட்டும் நிழல் டேபிள்) போட்டு வையுங்கள், அதைப் படிக்கும் ரிப்போர்ட்டுகள் உடையாது. விதிகள் ஒரே பக்கத்தில் அடங்கட்டும், அந்தப் பக்கம் கோடு இருக்கும் ரெப்போவிலேயே இருக்கட்டும், ரிவ்யூ செய்கிறவர் அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.